ஜோ காக்கர்: பிறர் எழுதிய பாடல்களையே பாடியவரை ஏன் பெரிய கலைஞர் என்கிறார்கள்?

கேள்வி கேட்டவர்: புதுச்செவி

கடந்த சில வாரங்களாக ஜோ காக்கரின் பதிவுகளை வரிசையாகக் கேட்டு வருகிறேன். 1944 மே 20 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர், பகலில் எரிவாயுக் குழாய் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டு இரவில் மதுக்கூடங்களில் பாடியவர், 2014 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தவர் என்ற அளவில் அவரைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டு நெகிழ்ந்துபோய் அதை எழுதியவர் யார் என்று தேடினால், ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய பெயரோதான் வந்து நிற்கிறது. லெனனும் மெக்கார்ட்னியும், பில்லி பிரஸ்டன், ராண்டி நியூமன் என்று பட்டியல் நீள்கிறது.

என் ஐயம் இதுதான். பீட்டில்ஸ் வந்த பிறகு, தன் பாட்டைத் தானே எழுதுகிறவரே ராக் இசையில் முழுமையான கலைஞர் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், காக்கர் நல்ல குரல் வாய்த்த ஒரு மேடைப் பாடகர் என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அப்படியிருந்தும் அவர் பெயரைப் பெரியவர்களின் வரிசையில் வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதன் காரணத்தை யாராவது பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

இன்னும் இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. மேடையில் அவர் கைகளை முறுக்கி, விரல்களைக் காற்றில் அலையவிடுவதைக் காணொளிகளில் பார்த்தேன். அது ஏதேனும் நரம்புக் கோளாறா? அடுத்து, 1970இல் உச்சியில் இருந்த ஒருவர் 1982 வரை ஏறக்குறைய காணாமல் போனது எப்படி?

மறுமொழி: பழைய இசைத்தட்டு

நல்ல கேள்வி, அதிலும் முதல் கேள்விக்கான விடையை ஒரே ஒரு பாட்டைக் கொண்டே காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட "வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்" பாட்டை முதலில் கேளுங்கள். அது அவர்களுடைய டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் பாடுவதற்காக எழுதப்பட்டது. அவருடைய குரலின் எல்லை குறுகியது என்பதால் மெட்டும் ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்றி வரும். கடைசி ஸ்வரம் மட்டும்தான் மேலே ஏறும். இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும், தோளில் கைபோட்டபடி நடந்துகொண்டே பாடுவது போன்ற ஓர் இலேசான பாட்டு. கூட இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், ரிங்கோ பதில் சொல்வார். அந்தப் பதில்களில் பெரிய துயரம் எதுவும் இருக்காது.

இப்போது காக்கர் 1968இல் வெளியிட்ட பதிவைக் கேளுங்கள். சொற்களில் பெரிய மாற்றம் இல்லை, அடிப்படை மெட்டும் அதுவேதான். ஆனால் நான்கு நான்காக நடந்த தாளம் மும்மூன்றாக அசையும் ஆறெட்டுத் தாளமாக, நம் கச்சேரி மொழியில் சொல்வதானால் திஸ்ர நடையாக மாறிவிட்டது. காலப்பிரமாணமும் நன்றாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் டாமி அயரின் ஆர்கன் தேவாலயத்தில் ஒலிப்பதுபோல் மெல்லப் பரவும், பிறகு அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஜிம்மி பேஜின் கிதார் இறங்கும். அப்போது அவர் தன்னுடைய லெட் செப்பலின் ராக் குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டிருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு நிறைய வாசித்துப் பழகியவர். டிரம்ஸ் வாசித்தவர் ப்ரோகல் ஹாரம் குழுவின் பி. ஜே. வில்சன், ஒவ்வொரு அடிக்கும் இடையே அவர் விடுகிற இடைவெளியில்தான் அந்தப் பாட்டு மூச்சுவிடுகிறது.

இதன் விளைவு என்னவென்றால், ரிங்கோவின் வாயில் வேடிக்கையாக ஒலித்த அதே கேள்விகள் இங்கே உண்மையான கேள்விகளாகிவிடுகின்றன. பெண்கள் சேர்ந்து கேட்க, காக்கர் சொல்கிற ஒவ்வொரு பதிலும் நண்பர்கள் இல்லாவிட்டால் தான் உடைந்துபோய்விடுவோம் என்று ஒருவர் ஒப்புக்கொள்வதைப் போல ஒலிக்கிறது. பாட்டின் பிற்பகுதியில் அவர் எழுப்பும் அந்த நீண்ட அலறல் மூலப்பாட்டில் எங்கும் கிடையாது, தாளில் எழுதக்கூடியதும் அல்ல. வீட்டுக்கு வெளியே இருந்த கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பாட்டை இப்படி மாற்றும் யோசனை தோன்றியது என்று காக்கரே சொல்லியிருக்கிறார். மகத்தான யோசனைகள் பிறக்கும் இடங்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த இசைத்தட்டு 1968 நவம்பரில் பிரிட்டனின் தரவரிசையில் முதலிடத்துக்குப் போயிற்று. மூலப்பாட்டின் உரிமையாளர்களும் மனம் கோணவில்லை. மறு ஆண்டு காக்கரின் இரண்டாவது ஆல்பத்துக்கு பீட்டில்ஸின் இன்னும் இரண்டு பாடல்கள் கிடைத்தன.

ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடினாலும் அதில் ஒருவருடைய பாட்டு மட்டும் ஏன் நம் நினைவில் தங்குகிறது என்று கேட்டுப் பழகிய நமக்கு, "எழுதியவர் யார்?" என்ற கேள்வி மட்டுமே போதாது என்பதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கக் கூடாது. காலத்தைத் தேர்வதும், எந்தச் சொல்லில் நிற்பது என்று முடிவெடுப்பதும், எங்கே குரலை உடையவிடுவது என்று அறிவதும் ஒருவகை எழுத்துதான்.

கைகளைப் பற்றிய கேள்விக்கு: நோய் எதுவும் இல்லை. உங்களைப் போலவே அந்தக் காலத்திலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். காக்கருக்குப் பியானோவோ கிதாரோ வாசிக்கத் தெரியாது. பாடும்போது உள்ளே ஓடும் இசையை வெளியே கொட்ட ஒரு கருவி இல்லாத தவிப்பில் கைகள் தாமாகவே வாசிக்கத் தொடங்கிவிடுகின்றன என்பது அவரே கொடுத்த விளக்கம். பியானோவின் முன் உட்கார்ந்து உடம்பை அசைத்துப் பாடும் ரே சார்லஸ் அவருடைய மானசீக குரு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவனித்துப் பார்த்தால் இடக்கை கிதாரின் கழுத்தைப் பிடித்திருப்பதும் வலக்கை தந்தியை மீட்டுவதும் தெரியும். பாட்டு மாறினால் அதே விரல்கள் பியானோக் கட்டைகளின் மேல் இறங்கும். நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷி இதை "சாட்டர்டே நைட் லைவ்" என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அச்சு அசலாக நடித்துக் காட்டிப் பெயர் வாங்கினார். 1976இல் அதே நிகழ்ச்சியில் காக்கரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியதைப் பார்த்தால், யார் அசல், யார் நகல் என்று ஒரு கணம் குழம்பிப்போவீர்கள்.

மறுமொழி: டிரம்ஸ் பக்கம்

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. காக்கரைப் புகழும்போது அவரைத் தனி மனிதராக நிறுத்திவிடுகிறோம். அந்த 1968 பதிவுக்குப் பின்னால் தயாரிப்பாளர் டென்னி கார்டெல் இருந்தார். அதைவிட முக்கியமாக, ஷெஃபீல்டைச் சேர்ந்த கிறிஸ் ஸ்டெய்ன்டன் இருந்தார். பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது, கருவிகள் எங்கே விலகி நின்று குரலுக்கு வழிவிடுவது என்பதையெல்லாம் காக்கரோடு சேர்ந்து யோசித்தவர் அவர். பாட்டே எழுதாதவர் என்பதும் முழு உண்மை அல்ல. 1968இல் தரவரிசையின் கீழ்ப்பகுதியில் தலைகாட்டிய "மார்ஜரீன்", 1971இல் வந்த "ஹை டைம் வி வென்ட்" ஆகியவற்றை எழுதியதில் இவர்கள் இருவருக்கும் பங்கு உண்டு. அவை மோசமான பாடல்கள் அல்ல. இருந்தாலும் அடுத்தவர் பாட்டில்தான் காக்கர் தன்னை முழுமையாகக் கண்டடைந்தார் என்பது என் கருத்து.

அந்த நிலைக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் அண்ணன் விக்டரின் ஸ்கிஃபிள் குழுவில் (எளிய, கையில் கிடைத்த கருவிகளோடு பாடும் நாட்டுப்புற பாணி) முதன்முதலாகப் பாடியவர், பிறகு வான்ஸ் ஆர்னால்டு என்ற புனைபெயரோடு ஷெஃபீல்டின் மதுக்கூடங்களைச் சுற்றி வந்தார். அந்தப் பெயரில் ஒரு பாதி நாட்டுப்புறப் பாடகர் எடி ஆர்னால்டிடம் கடன் வாங்கியது. மறுபாதி எல்விஸ் பிரெஸ்லி ஒரு படத்தில் ஏற்ற பாத்திரமான வின்ஸின் பெயரைத் தவறாகக் காதில் வாங்கியதால் வந்தது. 1963இல் ஷெஃபீல்டு நகர மண்டபத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு முன்னால் பாடும் வாய்ப்பு கிடைத்தது. மறு ஆண்டே டெக்கா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்து ஒரு பீட்டில்ஸ் பாட்டைப் பாட வைத்தது. அதிலும் கிதார் வாசித்தவர்களில் ஒருவர் ஜிம்மி பேஜ்தான். அது விற்கவில்லை, ஒப்பந்தமும் போயிற்று. அதே பாடகர், அதே பீட்டில்ஸ், அதே கிதார் கலைஞர். நான்கு ஆண்டுகள் கழித்து முதலிடம். நடுவில் மாறியது என்ன என்று கேட்டால், 1964இல் அவர் பாட்டைப் பாடினார், 1968இல் பாட்டை மாற்றினார் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் திறந்தவெளியில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவின் காணொளியைப் பார்க்கச் சொல்கிறேன், ஆனால் காக்கரைப் பார்க்காதீர்கள்; அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். 1969 ஆகஸ்ட் 17, ஞாயிறு பிற்பகல். இசைத்தட்டில் பெண்கள் பாடிய அந்தக் கேள்விகளை மேடையில் பாடப் பெண் குரல்கள் இல்லை. ஆகவே கிதார் வாசித்த ஹென்றி மக்கல்லாவும் பேஸ் வாசித்த ஆலன் ஸ்பென்னரும் பொய்க்குரலில் மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பாடுகிறார்கள். சற்றுப் பிசகினாலும் சிரிப்பாகிவிடக்கூடிய காரியம் அது. அவர்கள் பிசகவில்லை என்பதால்தான் காக்கரால் அத்தனை தூரம் போய்த் திரும்ப முடிந்தது. ஏறக்குறைய எட்டு நிமிடம் அந்தப் பாட்டு நீள்கிறது, அது முடிந்த சிறிது நேரத்தில் புயல் மழை வந்து விழாவைப் பல மணி நேரம் நிறுத்திவிட்டது.

மறுமொழி: மூன்றாம் வரிசை

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் காக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை வெறும் குடிகாரக் கதையாகச் சுருக்கிவிடுகிறார்கள். குடி இருந்தது, போதைப்பொருளும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சுற்றுப்பயணம் இருந்தது.

1970இன் தொடக்கத்தில் காக்கர் களைத்துப் போயிருந்தார், கிரீஸ் பேண்ட் என்ற தன் குழுவையும் கலைத்துவிட்டிருந்தார். ஓய்வெடுக்கலாம் என்று லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தவரிடம், அமெரிக்கா முழுவதும் கச்சேரிகள் ஏற்கெனவே ஏற்பாடாகிவிட்டன, சில நாட்களில் புறப்பட வேண்டும், மறுத்தால் இனிமேல் இந்த நாட்டில் பாடுவதே சிக்கலாகிவிடும் என்று சொல்லப்பட்டது. கையில் குழு கிடையாது. அப்போது முன்வந்தவர் பியானோ கலைஞர் லியான் ரஸ்ஸல். தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் திரட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ் கலைஞர்கள், ஊதுகருவிகள், பெரிய பின்னணிப் பாடகர் குழு என்று ஒரு சிறிய ஊரையே மேடையில் ஏற்றிவிட்டார். ரீட்டா கூலிட்ஜ் அந்தப் பாடகர் குழுவில் இருந்தவர்தான். "மேட் டாக்ஸ் அண்ட் இங்கிலிஷ்மென்" என்று பெயரிடப்பட்ட அந்தப் பயணம் இரண்டு மாதங்களுக்குள் 48 நகரங்களைத் தொட்டது.

இசை என்று பார்த்தால் அது ஒரு திருவிழா. நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவு செய்யப்பட்ட இரட்டை இசைத்தட்டு அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போயிற்று. அந்தப் பயணக் குழுவோடு பாடிய "தி லெட்டர்" அங்கே அவருடைய பாட்டு முதல் பத்துக்குள் நுழைந்த முதல் சந்தர்ப்பம். ஆனால் அந்தப் பயணத்தைப் படமாக்கியதைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: தொப்பியும் நீண்ட தலைமுடியுமாக ரஸ்ஸல் மேடையை ஆண்டுகொண்டிருக்கிறார், பெயருக்கு உரியவரான காக்கர் நடுவில் நின்றாலும் ஒரு விருந்தாளியைப் போல இருக்கிறார். இத்தனை பேருக்கும் சம்பளமும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து முடித்தபோது அவர் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. உடலும் மனமும் தளர்ந்து ஷெஃபீல்டில் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிப் போனார். 26 வயதில், உலகம் முழுவதும் பெயர் தெரிந்த ஒருவர், தன் பழைய ஊரில் வெறுமனே உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அந்த "காணாமல் போன" காலத்தின் தொடக்கம்.

1972இல் மீண்டும் புறப்பட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனது மேலும் மோசமாக முடிந்தது. அடிலெய்டில் கஞ்சா வைத்திருந்ததாக அவரும் குழுவினர் சிலரும் கைது செய்யப்பட்டார்கள். மெல்பர்னில் ஒரு விடுதிக் கைகலப்பு அதோடு சேர்ந்துகொள்ள, 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவாயிற்று. அந்தப் பத்தாண்டில் மேடையிலேயே வாந்தி எடுக்கும் அளவுக்குக் குடித்த நாட்களும் உண்டு.

ஆனாலும் நடுவே ஒரு பாட்டு இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1974இல் வந்த ஆல்பத்தில் உள்ள "யூ ஆர் ஸோ பியூட்டிஃபுல்". பில்லி பிரஸ்டன் பாடிய மூலம் இதைவிட விறுவிறுப்பானது, உற்சாகமானது. காக்கர் அதை நிக்கி ஹாப்கின்ஸின் பியானோவோடு தவழும் வேகத்துக்குக் கொண்டுவந்தார். கடைசிச் சொல்லில் குரல் மேலே ஏற வேண்டும். அது ஏறுகிறது, ஆனால் ஸ்வரத்தைத் தொடும் இடத்தில் நூல் அறுவது போல நடுங்கிச் சுரண்டி, ஏறக்குறைய காற்றாகிவிடுகிறது. திரும்பப் பாட வைத்து வழவழப்பாக ஒட்டிவிடக்கூடிய இடம் அது. தயாரிப்பாளர் ஜிம் பிரைஸ் அதை அப்படியே விட்டுவைத்தார். அந்தப் பாட்டு அமெரிக்காவில் ஐந்தாம் இடத்துக்குப் போனது. அந்த ஒரு நடுக்கத்துக்காகவே போனது என்று நான் நம்புகிறேன். (இதைப் புள்ளிவிவரத்தால் நிறுவ முடியாது, விட்டுவிடுங்கள்.)

மீட்சி மெதுவாகத்தான் வந்தது. வுட்ஸ்டாக் விழாவை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் லாங், குடியைக் கட்டுக்குள் வைத்தால் மேலாளராக இருக்கிறேன் என்று எழுபதுகளின் பிற்பகுதியில் பொறுப்பேற்றார். 1978இல் காக்கர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில், நடிகை ஜேன் ஃபோண்டாவுக்குச் சொந்தமான பண்ணை ஒன்றில் குடியேறினார். பிறகு மணந்துகொண்ட பாம் பேக்கரைச் சந்தித்ததும் அங்கேதான். 1981இல் குரூசேடர்ஸ் குழுவோடு ஒரு பாட்டைப் பாடி மீண்டும் கவனத்துக்கு வந்தார். அந்தப் பாட்டுக்குச் சொற்களை எழுதிய வில் ஜென்னிங்ஸ்தான் மறு ஆண்டு வந்த "அப் வேர் வி பிலாங்" பாட்டுக்கும் எழுதினார். ஜெனிஃபர் வார்ன்ஸோடு இணைந்து பாடிய அது "ஆன் ஆஃபிசர் அண்ட் எ ஜென்டில்மேன்" படத்தில் இடம்பெற்று, அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, ஆஸ்கரும் கிராமியும் பெற்றது. வார்ன்ஸின் குரல் தெளிந்த நீர், காக்கருடையது கூழாங்கல். ஒன்றின் மேல் ஒன்று ஓடும்போது இரண்டும் அழகாகத் தெரிகின்றன.

புதுச்செவி

மூவருக்கும் நன்றி. கைகளைப் பற்றிய விளக்கத்தைப் படித்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இடக்கை கிதாரின் கழுத்தைப் பிடித்திருப்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, முன்பு தெரியவில்லை.

மறுமொழிகளைப் படித்தபோது இன்னொரு கேள்வி எழுந்தது. இத்தனை புகழ்பெற்ற பதிவுகள் இருந்தும் 1970இல் அவரிடம் பணம் மிஞ்சவில்லை என்கிறீர்கள். பயணச் செலவு ஒரு காரணம் என்றால், பாடல்களை அவர் எழுதவில்லை என்பதும் ஒரு காரணமா?

மறுமொழி: கணக்குப் பிள்ளை

ஆம், கணிசமான காரணம். ஓர் இசைத்தட்டில் இரண்டு வேறுவேறு உரிமைகள் அடங்கியிருக்கின்றன: பாட்டு என்ற படைப்பின் மீதான உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் மீதான உரிமை மற்றொன்று. முதலாவது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் சேரும். யார் பாடினாலும், எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பாடினாலும், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும் எழுதியவர் பக்கம் பணம் போய்க்கொண்டே இருக்கும். பாடகருக்குக் கிடைப்பது இசைத்தட்டு நிறுவனத்தோடு அவர் செய்த ஒப்பந்தத்தில் உள்ள பங்கு; அதிலும் ஒலிப்பதிவுச் செலவு, முன்பணம் எல்லாம் கழிக்கப்பட்ட பிறகுதான் கைக்கு வரும்.

இதில் அமெரிக்காவுக்கு ஒரு தனி விசித்திரம் உண்டு. அங்கே சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது. பிரிட்டனில் பாடியவருக்கும் பங்கு உண்டு. ஆகவே அமெரிக்க வானொலியில் காக்கரின் குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் லெனன், மெக்கார்ட்னி, பிரஸ்டன், நியூமன் ஆகியோரின் கணக்கில்தான் வரவு எழுதப்பட்டது. 1988இல் "தி வொண்டர் இயர்ஸ்" என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அவருடைய 1968 பதிவைத் தன் தொடக்க இசையாக எடுத்துக்கொண்டது போன்ற இடங்களில் மட்டும் நிலைமை சற்று மாறும். அப்படிக் காட்சியோடு சேர்த்துப் பயன்படுத்த ஒலிப்பதிவு உரிமைக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

எழுதாத பாடகர் மேடையேறியே பிழைக்க வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறை விளைவு. காக்கர் தன் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் ஓயாமல் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்ததை இந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம்.

மறுமொழி: டிரம்ஸ் பக்கம்

கணக்கைக் கேட்டாயிற்று, அந்த மேடைகளைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னாளில் அவருடைய புகழ் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும்விட ஐரோப்பாவில்தான், குறிப்பாக ஜெர்மனியில்தான் உறுதியாக நின்றது. 1988 ஜூனில், பெர்லின் சுவர் இன்னும் விழாத நேரத்தில், கிழக்கு பெர்லினின் வைசன்ஸே பகுதியிலும் டிரெஸ்டனிலும் அவர் பாடினார். மேற்கத்திய ராக் பாடகர்கள் கிழக்கு ஜெர்மனியில் திறந்தவெளியில் பாடுவது அப்போது அரிதான காட்சி. அடுத்த மாதம் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வந்து பாடியதும் அதே வைசன்ஸே திடலில்தான். மேற்கே போய்க் கேட்க வழியில்லாமல் வெகுகாலம் இசைத்தட்டில் மட்டுமே கேட்ட குரலை நேரில் கேட்ட அந்தக் கூட்டம் அவரைக் கடைசிவரை மறக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்துப் பதிவுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. 1986இல் அவர் பாடிய "யூ கேன் லீவ் யுவர் ஹேட் ஆன்" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராண்டி நியூமன் 1972இல் பாடியபோது அது சற்று அருவருப்பூட்டும் ஒரு மனிதனின் கட்டளைகளாக, கேட்பவரை நெளிய வைக்கும் மெதுவான பாட்டாக இருந்தது. காக்கர் ஊதுகருவிகளைக் கூட்டி அதைக் கொண்டாட்டமாக்கிவிட்டார். உலகம் முழுவதும் வரவேற்றது. ஆனால் பாட்டுக்குள் ஒளிந்திருந்த ஒரு கோணலான மனிதன் காணாமல் போய்விட்டான். 1968இல் இலேசான பாட்டுக்குள் ஆழத்தைக் கண்டுபிடித்தவர், இங்கே ஆழமான பாட்டை இலேசாக்கினார்.

மறுமொழி: பழைய இசைத்தட்டு

அந்தப் பாட்டைப் பற்றிய குறையை ஏற்கிறேன், ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த "அன்செயின் மை ஹார்ட்" பாட்டைச் சேர்த்து எடைபோடாவிட்டால் நியாயமாகாது. 1961இல் ரே சார்லஸ் புகழ்பெறச் செய்த பாட்டு அது. தன் மானசீக குருவின் பாட்டையே 43 வயதில் தொட்டு, அவரைப் போலப் பாடாமல் தன்னைப் போலப் பாடிக் காட்டினார். 1982இல் பஹாமாஸ் தீவின் காம்பஸ் பாயிண்ட் கூடத்தில், ஜமைக்காவின் ஸ்லை, ராபி இருவரின் தாளத்தோடு அவர் பதிவு செய்த "ஷெஃபீல்டு ஸ்டீல்" ஆல்பத்தையும் புதுச்செவி கேட்க வேண்டும். அதில் மெருகுக்கு அடியில் குரல் மூடப்படவில்லை.

பிற்கால வாழ்க்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை, அது அவருக்கு நல்லதாகவே அமைந்தது. கொலராடோவின் கிராஃபோர்டு என்ற சிற்றூரில் மனைவியோடு வாழ்ந்தார், தன் பண்ணைக்கு அந்த 1970 பயணத்தின் நினைவாக "மேட் டாக்" என்றே பெயர் வைத்திருந்தார். 2007இல் பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ விருது வந்தது. 2012இல் கடைசி ஆல்பம். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்க 2025 வரை ஆயிற்று. பாட்டு எழுதாதவர் என்ற உங்கள் முதல் கேள்வி அங்கே இருந்தவர்களுக்கும் இருந்ததோ என்னவோ.

ஒரு சிறு குறிப்பு: பல்ப் என்ற ராக் குழுவின் பாடகர் ஜார்விஸ் காக்கரும் ஷெஃபீல்டுக்காரர் என்பதால் இருவரும் உறவினர்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். உறவு எதுவும் இல்லை.

புதுச்செவி

நேற்றிரவு சொன்ன வரிசையிலேயே கேட்டேன்: ரிங்கோ, பிறகு 1968, பிறகு வுட்ஸ்டாக். முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நீங்கள் எழுதிய பிறகுதான் எண்ணிப் பார்க்க முடிந்தது. காலால் தாளம் போட்டபடி கேட்டதில், ரிங்கோவுக்குப் போட்ட தாளம் காக்கருக்குப் பொருந்தாமல் மூன்றாவது அடியிலேயே தடுமாறிவிட்டேன். வுட்ஸ்டாக் பதிவில் அந்த உச்சக் குரல்களை இத்தனை நாளும் பெண்கள் பாடுவதாகத்தான் நினைத்திருந்தேன். தாடி வைத்த இருவர் ஒலிவாங்கியின் பக்கம் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவ்வளவு மெல்லிய குரலில் கேள்வி கேட்பதைப் பார்த்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. காக்கர் பதில் சொல்லத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.